இடத்தோளுக்கு ஒரு துவக்கு

செப்ரெம்பர் 10, சனி

இங்கே கனடாவில் மான் வேட்டைப் பருவம் தொடங்க இன்னும் எட்டுக் கிழமை இருக்கிறது. இந்த முறை வேறு துவக்கு வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். ஏழு வருடமாக வைத்திருக்கும் போல்ட் துவக்கு நல்ல துவக்குத்தான். ஆனால் அது வெட்டவெளிக்கென்று செய்தது. நீளக் குழல், மேலே தொலைநோக்கி. நாங்கள் வேட்டைக்குப் போகும், வேட்டைக் கூட்டாளி ஆர்வோவின் காடு வெட்டவெளி இல்லை, சீடர் மரங்கள் நெருக்கியடித்து நிற்கும் சதுப்பு. அங்கே ஐம்பது அறுபது யார் (கஜம்) தூரத்துக்கு அப்பால் எந்தக் கொம்பனுக்கும் ஒன்றும் தெரியாது. இப்படியான காட்டுக்கு லீவர் துவக்குத்தான் சரி. கட்டையானது, பாரமில்லை, அடுத்த வெடிக்கு நேரம் எடுக்காது.

மனைவி மலரிடம் சொன்னேன். இருக்கிற துவக்குக்கு என்ன குறை என்று கேட்டாள். காட்டின் அடர்த்தியைப் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். கேட்டுவிட்டு, என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் தந்தாள். நான் கேட்கவேயில்லை.

செப்ரெம்பர் 17, சனி

ஆஸ்பத்திரிச் சமையலறையில் கிழமைக்கு ஐந்து நாள் உப்பில்லாத சூப் காய்ச்சுகிற மனிசனுக்கு ஆண்டில் இரண்டு கிழமைதான் சொந்த வாழ்க்கை. அதைச் சரியாகச் செய்ய வேண்டாமா? இன்று முழுக்கப் புத்தகங்களும் கடைப் பட்டியல்களுமாக மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

லீவர் துவக்கில் விசைக்குக் கீழே விரல்கள் நுழைகிற மாதிரி ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெடித்த தோட்டாவின் வெற்றுக்கோது வெளியே பறக்கும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். நாற்பத்தைந்து-எழுபது என்று ஒரு தோட்டா உண்டு. அது கரடிக்கும் எருமைக்கும். அதால் மானைச் சுட்டால் மானும் போகும், என் தோள்மூட்டும் போகும். முப்பது-முப்பது போதும். நூறு வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கத்து ஆட்கள் மானுக்கு அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

லீவரில் இரண்டு கம்பனித் துவக்கு பார்த்தேன். பழைய வின்செஸ்டர் கோதை மேலே எறியும். மார்லின் வலப்பக்கமாக எறியும். மார்லினின் மேற்பக்கம் தட்டையாக மூடியிருப்பதால் குறி பார்க்கிற எந்தச் சாமானையும் பூட்டலாம். இன்னொரு வசதியும் உண்டு. போல்ட் துவக்கில் இழுத்துத் தள்ளும் கைப்பிடி வலப்பக்கம், வலக்கைக்காரனுக்கு. லீவர் நடுவில் இருப்பதால் எந்தத் தோளில் வைத்தாலும் ஒன்றுதான். இதைச் சும்மா குறித்து வைக்கிறேன்.

செப்ரெம்பர் 24, சனி

குகனுடன் துவக்குக் கடைக்குப் போனேன். குகபாலன் மலரின் கடைசித் தம்பி. மர ஆலையில் வேலை, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். வேட்டைக்கு நாங்கள் மூன்று பேர். காட்டின் சொந்தக்காரரான பின்லாந்துக்காரர் ஆர்வோ, நான், குகன். ஆர்வோவும் நானும் ஆளுக்கொரு இடத்தில் காத்திருப்போம். குகன் வீதிப் பக்கமிருந்து சதுப்புக்குள் இறங்கி மெல்ல நடந்து வருவான். அவனுக்கு முன்னால் மான்கள் எழும்பி எங்களிடம் வரும். நடப்பது இளையவனின் வேலை என்று முதல் வருடமே முடிவாகிவிட்டது. அவனுக்கும் இப்போது நாற்பத்தாறு. முழங்கால் நோகிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கடைக்காரர் மார்லினை எடுத்துக் கையில் தந்தார். தூக்கி இடத்தோளில் வைத்துப் பார்த்தேன். உங்களை வலக்கைக்காரர் என்றல்லவா நினைத்தேன் என்றார். வலத்தோளில் வாதம் பிடித்திருக்கிறது என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் குகன் எண்ணெய் போடட்டுமா, வைத்தியரிடம் போகலாமா என்று தொணதொணத்துக்கொண்டே வந்தான். எரிச்சலாக இருந்தது. எனக்குத் தோளில் ஒன்றுமில்லை.

ஒக்ரோபர் 1, சனி

மார்லினை வாங்கிவிட்டேன். முப்பது-முப்பது, இருபது அங்குலக் குழல். தொலைநோக்கி வேண்டாம் என்றேன். சதுப்பு ஈரத்தில் அதன் கண்ணாடி புகார் மூடி மங்கிவிடும். பின்புறம் சின்ன வட்டத் துளை வைத்த குறியைப் பூட்டச் சொன்னேன். துளைக்குள்ளால் முன் குறியைப் பார்த்து, அதை மானில் வைத்தால் முடிந்தது.

தோட்டா மொட்டை முனை. குழலுக்குக் கீழே உள்ள குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கும். கூர்முனை போட்டால் அது முன்னாலுள்ள தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தி உள்ளேயே வெடிக்க வைக்கலாம். இதை மலருக்கு விளக்கினேன். அப்படிப்பட்ட சாமானை ஏன் வீட்டுக்குள் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள். இவளுக்கு விளக்கி என்ன பயன்.

ஒக்ரோபர் 4, செவ்வாய்

சட்பரி நகரத்துக் கண் வைத்தியரிடமிருந்து மறுபடியும் கடிதம். சீனி வியாதிக்காரர் வருடத்துக்கு ஒருமுறையாவது கண்ணைக் காட்ட வேண்டுமாம், நான் இரண்டு முறை போகாமல் விட்டேனாம். மான் பருவம் முடியட்டும் என்று மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

ஒக்ரோபர் 8, சனி

ஆர்வோ கிரவல் கல் தோண்டிய கிடங்கில் சுட்டுப் பழகினேன். ஐம்பது யாரில் கடுதாசித் தட்டு. இடத்தோளில் வைத்து, இடக்கண்ணால் துளைக்குள் பார்த்து, இடக்கை விரலால் விசை. முதல் பத்து வெடி சிரிப்புக்கு இடம். பிறகு பிடிபட்டது. கடைசி ஐந்தும் ஒரு கையளவுக்குள். ஆர்வோ தட்டைப் பார்த்துவிட்டு, ஐம்பத்தொன்பது வயதில் தோள் மாற்றிப் பழகுகிறவனை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆர்வோவுக்கு ஒரு பழக்கம். யாருக்காவது கை நடுங்குகிறது, கண் பார்வை போதாது என்று தெரிந்தால் அடுத்த வருடம் அந்த ஆளைச் சமையலுக்குப் போட்டுவிடுவார். எனக்கு முன்னர் என் இடத்தில் இருந்தவர் அவருடைய சொந்த அண்ணன். கடைசி மூன்று வருடம் அந்தக் கிழவர் வேட்டைக் குடிசையில் உருளைக்கிழங்கு உரித்தார். எனக்கு ஆஸ்பத்திரியில் உரிக்கிற உருளைக்கிழங்கு போதும்.

ஒக்ரோபர் 16, ஞாயிறு

வேலையில் கரட் வெட்டும்போது விரலையும் சேர்த்து வெட்டிவிட்டேன். மூன்று தையல். கத்தி மொட்டை.

ஒக்ரோபர் 29, சனி

இடம் பார்க்கப் போனேன், தனியாக.

என் இடம் ஒரு தட்டைப் பாறை. பாறையில் உட்கார்ந்தால் இடப்பக்கம் ஓடை, வலப்பக்கம் வீதியிலிருந்து வரும் சதுப்பு. குகன் வலப்பக்கமிருந்து வருவான். மான் அவனுக்கு முன்னால் வந்து என்னைக் கடந்து ஓடைக்கு இறங்கும். அது ஓடைப் பக்கம் போன பிறகுதான் சுட வேண்டும். அதற்காகவே ஆர்வோ இரண்டு மரங்களில் செம்மஞ்சள் நாடா கட்டியிருக்கிறார். நாடாவுக்கு இடப்பக்கம் சுடலாம், வலப்பக்கம் கூடாது. ஏழு வருடம் இதில் ஒரு தகராறும் வந்ததில்லை.

இன்று வெறும் துவக்குடன் உட்கார்ந்து பார்த்தேன். வலத்தோளில் வைக்கிறவனுக்கு இடப்பக்கம் திரும்புவது சுலபம். இடத்தோளில் வைத்தால் அது எதிர்மாறு. ஓடைப் பக்கம் திரும்ப முதுகு முறுகுகிறது, குழல் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

பிறகு ஓடைக் கரையில் விழுந்து கிடக்கும் மரத்தில் போய் உட்கார்ந்தேன். நாடாவிலிருந்து இருபது அடி தள்ளி. அங்கிருந்து பார்த்தால் மான் நேரே என்னை நோக்கி வரும். உடம்பை முறுக்கவே தேவையில்லை, துவக்கைத் தூக்கினால் போதும். மிகவும் வசதியான இடம். ஆர்வோவின் நாடா எனக்கு முன்னால் ஓரமாக ஆடிக்கொண்டிருந்தது. இடம் மாறியதைக் குகனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பான்.

நவம்பர் 7, திங்கள்

முதல் நாள். மழை. பெட்டைமான் ஒன்று ஆர்வோ பக்கம் போனது. அவர் விட்டுவிட்டார். நான் அந்த விழுந்து கிடக்கும் மரத்தில் உட்கார்ந்து ஆறு மணி நேரம் நனைந்தேன். குகனிடம் சொல்ல மறந்துபோனேன்.

நவம்பர் 8, செவ்வாய்

கலைமான். எட்டுக் கிளைக் கொம்பு. குடல் எடுத்த பிறகு நூற்றைம்பது இறாத்தல். காலை ஒன்பதே கால் மணிக்கு, நாற்பது யாரில், ஒரே வெடி.

சீடர்களுக்கு நடுவே முதலில் கொம்பு தெரிந்தது, பிறகு கழுத்து, பிறகு முன்தோள். துளைக்குள் முன் குறி வந்தது. அழுத்தினேன். துள்ளியது, நாலு பாய்ச்சலில் விழுந்தது. என் கை நடுங்கவில்லை. நான் மானடிக்குப் போய் நின்றபோது ஆர்வோ வந்து கை குலுக்கினார். இந்தக் கட்டைத் துவக்கை நீ முன்பே வாங்கியிருக்க வேண்டும் என்றார். பெருமையாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

குகன் கொஞ்சம் பிந்தித்தான் வந்தான். மானைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நான் இருந்த மரத்தைப் பார்த்தான். பிறகு பின்கால்களைப் பிடித்து இழுக்க உதவினான். வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. களைப்பாக இருக்கும், வயது ஏறுகிறது அல்லவா.

நவம்பர் 9, புதன்

வேலைக்கு லீவு. இறைச்சி வெட்டிப் பொதி செய்தோம். மலர் கறிக்கு ஒரு சட்டி எடுத்து வைத்து, தம்பியைச் சாப்பிட வரச் சொன்னாள். வயிறு சரியில்லை என்றானாம். மான் கறிக்கு அவன் வராதது இதுதான் முதல் தடவை. இன்று ஆர்வோவும் குகனும் காட்டுக்குப் போகவில்லை.

நவம்பர் 10, வியாழன்

குகன் இன்றும் வரவில்லை. அழைப்பு எடுத்தேன், எடுக்கவில்லை. சூப்பில் உப்புப் போட்டுவிட்டேன், தாதி வந்து ஏசினாள்.

நவம்பர் 11, வெள்ளி

இதை எழுதாமல் விட்டால் பிறகு எழுதமாட்டேன்.

பின்னேரம் குகன் வந்தான். மலர் கடைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறான். கதிரையில் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து சீடர் பட்டைத் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். உள்ளங்கையளவு, ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. கலைமானுக்குள்ளால் வந்த என் துவக்குச் சன்னம் மரத்தில் பட்டுப் பட்டை தெறித்ததாம். அந்த மரத்தை அவன் கையால் பிடித்துக்கொண்டு நின்றானாம். இதைச் சந்தையில் மீன் விலை சொல்கிற மாதிரிச் சொன்னான்.

பிறகு கேட்டான்.

"அத்தான், நீங்கள் சுடேக்குள்ள என்னைக் கண்டனீங்களோ?"

நான் யோசிக்கவேயில்லை. என் வாய் தானாகப் பதில் சொன்னது.

"கண்டனான்."

அவன் பட்டைத் துண்டை என் பக்கம் தள்ளினான்.

"கண்டிட்டோ சுட்டனீங்கள்?"

இந்த ஐம்பத்தொன்பது வருடத்தில் என்னை யாரும் இப்படி மூலைக்குள் தள்ளியதில்லை. கண்டேன் என்றால் நான் கொலைகாரன். காணவில்லை என்றால் நான் குருடன். கொலைகாரனாக இருக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் யோசித்தேன்.

"காணேல்லை," என்றேன்.

அதன் பிறகு எல்லாம் வெளியே வந்தது. வைகாசியிலிருந்தே வலக்கண்ணில் பனி மூடியது போலத்தான் இருக்கிறது. ஆள் நிற்கிறது தெரியும், யார் என்று தெரியாது. வலக்கண்ணால் தொலைநோக்கிக்குள் பார்த்தால் வெறும் சாம்பல் நிறம். அதனால்தான் இடத்தோள், அதனால்தான் லீவர் துவக்கு, அதனால்தான் இடத்தையும் மாற்றினேன். காடு அடர்த்தி என்று நான் சொன்ன கதையெல்லாம் பொய் இல்லை, ஆனால் காரணம் அது இல்லை. அன்று இடக்கண் துளைக்குள் இருந்தது. வலக்கண்ணும் திறந்துதான் இருந்தது, அதில் ஒன்றும் இல்லை. மச்சான்காரன் உச்சி முதல் இடுப்பு வரை செம்மஞ்சள் போட்டுக்கொண்டு மானுக்குப் பின்னால் நின்றிருக்கிறான், எனக்கு மானின் கொம்பு மட்டும் தெரிந்திருக்கிறது.

ஏசுவான் என்று நினைத்தேன். ஏசவில்லை. ஆர்வோவுக்குச் சொல்ல வேண்டியது உங்கள் பாடு என்றான்.

"அக்காவுக்கும் நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னா அவ உங்களோட கதைக்கமாட்டா."

பட்டையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

நவம்பர் 12, சனி

காலையில் ஆர்வோவிடம் போனேன். கதவைத் திறந்தவருக்கு வாசலில் நின்றே சொன்னேன். அவர் முகம் சிவந்தது. கண்ணுக்காக அல்ல, இடம் மாறியதற்காக. கண் போனால் அது உன் விதி, சொல்லாமல் இடம் மாறியது உன் களவு என்கிற கருத்தில் நாலு வசனம் சொன்னார். இனி என் காட்டில் நீ துவக்குத் தூக்கமாட்டாய் என்றார். தலையாட்டினேன். அவர் சொன்னதில் பிழையில்லை.

மலரிடம் பின்னேரம்தான் சொல்ல முடிந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கண்ணைப் பற்றிச் சொன்னபோது தெரியும் என்றாள், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தந்தது எதற்கு என்று நினைத்தீர்கள் என்றாள். பிறகு குகனைப் பற்றிச் சொன்னேன். அதுதான் அவளுக்குத் தெரியாதது. கை நின்றுவிட்டது. பட்டையை எடுத்துப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள்.

"உங்கட கண் போனா நான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போவன். அவன் போயிருந்தா நான் ஆரைப் பிடிக்கிறது? உங்களையோ?"

அழுதாள். நானும் அழுதேன். இரண்டு கண்ணாலும் அழ முடிகிறது, அதில் குறைவில்லை. இரவுச் சாப்பாடு கடையில் எடுத்தோம்.

நவம்பர் 16, புதன்

சட்பரி. குகன்தான் காரை ஓட்டினான். கண் வைத்தியர் இளம் பெண். கண்ணின் உட்பக்கத்தைப் படம் எடுத்துத் திரையில் காட்டினாள். சீனியால் சின்ன இரத்தக் குழாய்கள் வெடித்து இரத்தம் கசிந்திருக்கிறது. வலது கண்ணில் போனதில் பாதியாவது திரும்புமா என்று சொல்ல முடியாதாம். இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது, ஆனால் அதைக் காப்பாற்றலாமாம், மாதம் ஒரு ஊசி. வைகாசியிலேயே வந்திருந்தால் என்று தொடங்கி, நிறுத்திவிட்டாள். நல்ல பிள்ளை.

கண்ணுக்குள் ஊசி போடுவது நினைத்த அளவுக்கு மோசமில்லை. எழுதுவது கொஞ்சம் கோணலாகப் போகிறது.

திரும்பி வரும் வழியில் துவக்கை நீ எடுத்துக்கொள் என்று குகனிடம் சொன்னேன். வேண்டாம் என்றான். பிறகு, நாற்பது மைல் தாண்டி, சனிக்கிழமைக்கு மட்டும் தாருங்கள் என்றான். இந்தப் பருவத்தின் கடைசிச் சனி. நீ பாறையில் இருந்தால் யார் நடப்பது என்று கேட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், நடக்கப்போவது நான் என்று விளங்கிவிட்டது.

நவம்பர் 19, சனி

ஆர்வோ சம்மதித்தார், ஒரு நிபந்தனையுடன். நான் வெறுங்கையோடு நடக்க வேண்டும். இடது கண்ணால் கால் வைக்கிற இடம் நன்றாகத் தெரிகிறது, நடக்க அது போதும்.

எட்டு மணிக்கு வீதியிலிருந்து சதுப்புக்குள் இறங்கினேன். குகனின் செம்மஞ்சள் மேலங்கி, அவனுடைய தொப்பி. பாறையில் குகன், மார்லினுடன். அங்கே போக முக்கால் மணி நேரம் என்று அவன் சொல்லியிருந்தான். கணுக்கால் வரை குளிர் தண்ணீர், கன்னத்தில் அடிக்கும் கிளை, ஏறினால் உருளும் வேர். இதைத்தான் ஏழு வருடம் நடக்கிற வேலை என்று லேசாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாதி தூரத்தில் முன்னால் ஏதோ எழும்பி ஓடியது. கிளை முறியும் சத்தம் மட்டும் கேட்டது. சத்தம் பாறைப் பக்கம் போனது. அப்போதுதான் உறைத்தது. அந்த மானுக்கு அப்பால் ஒரு துவக்கு இருக்கிறது, அது என் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதைப் பிடித்திருப்பவன் பதினொரு நாளைக்கு முன்னர் என் சன்னத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றவன். மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். பயந்தேன். குகன் என்னைச் சுடுவான் என்று அல்ல, காணமாட்டான் என்று. "குகன், நான்தான்" என்று கத்தினேன். பத்து அடி நடந்து மறுபடியும் கத்தினேன். பாறைப் பக்கம் வரும்வரை கத்திக்கொண்டே போனேன், மானெல்லாம் கனடாவின் மறுகரைக்கு ஓடியிருக்கும். ஏழு வருடம் குகன் என்னை நோக்கி இப்படி நடந்திருக்கிறான். ஒரு முறைகூடக் கத்தியதில்லை.

வெடிச் சத்தம் கேட்கவில்லை. மரங்கள் விலகியபோது பாறை தெரிந்தது. குகன் எழுந்து நின்றான். துவக்கின் லீவர் திறந்து கீழே தொங்கியது, தோட்டாக்கள் பாறையில் வரிசையாகக் கிடந்தன.

ஒன்றும் வரவில்லையா என்று கேட்டேன்.

"வந்தது. கலைமான், அண்டைக்கு நீங்கள் வெடி வைச்சதைவிடப் பெரிசு. இதில, இந்தச் சீடரடியில உங்கட சத்தம் கேட்டுத் திகைச்சு நிண்டது."

பிறகு ஏன் சுடவில்லை என்று கேட்டேன்.

"பின்னால உங்கட தொப்பி தெரிஞ்சது, அத்தான்."

தோட்டாக்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டான். நான் பாறையில் உட்கார்ந்தேன். அவன் குடுவையைத் திறந்து தேத்தண்ணி ஊற்றி, கோப்பையை என் இடது கைப் பக்கமாக நீட்டினான்.